கண்டக்டர் சொல்லாத பெயர்

கண்டக்டர் இறந்துபோன செய்தி வந்தபோது அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். மாநிலச் சட்டமன்றத்தின் சுருக்கெழுத்துப் பிரிவில் காலையில் எல்லோரும் முதலில் செய்கிற வேலை அதுதான். ஆளுக்கு ஆறு பென்சில், இரண்டு குறிப்பேடு. மேற்பார்வையாளர் கதவருகே வந்து நின்று, "கண்டக்டர் போயிட்டாராம். இப்பதான் போன் வந்துச்சு. இன்னைக்கு அவை கிடையாது" என்றார். அறையில் இருந்த ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். அவளும் நின்றாள். நின்றபடியே பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். பாதிப் பென்சில் தீர்ந்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.

கண்டக்டர் என்றால் அந்த மாநிலத்தில் ஒருவர்தான். அமைச்சர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐந்து முறை தொடர்ந்து ஜெயித்த மனிதரை, அவர் ஆறே வருடம் பார்த்துவிட்டு இழந்த வேலையின் பெயரால் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் குறையில்லை. அவையில் கூச்சல் எழும்போது, "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி இடம் இருக்கு" என்பார். எதிர்வரிசையும் சிரித்துவிடும்.

அந்த வேலை போன கதை எல்லோருக்கும் தெரியும். ஆற்றோரம் சுண்ணாம்புக் காளவாய் என்று ஓர் இடம். கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள். எட்டாம் எண் பேருந்தில் காளவாய் நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் பின்பக்கம் நின்றுதான் வர வேண்டும். அப்படி எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை. மேலெல்லாம் சுண்ணாம்பு, மற்றவர் துணி பாழாகும் என்பது சாக்கு. ஆனால் துவைத்த சீருடையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் நின்றுகொண்டுதான் போனார்கள். அவரும் அந்தக் காளவாயில் பிறந்தவர்தான். ஒருநாள் பதினோரு பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்து டிக்கெட் கொடுத்தார். எழுந்திருக்கச் சொன்னவர்களிடம், "டிக்கெட்ல 'நிற்க'ன்னு எங்கயும் அடிக்கலையே" என்றார். அந்த வாரமே வேலை போயிற்று. கலகம் மூட்டினார் என்று சிறையிலும் போட்டார்கள். அடுத்து நாற்பத்தொரு நாள் காளவாய்ச் சனம் பேருந்தில் கால் வைக்கவில்லை. நடந்தே வேலைக்குப் போனார்கள். நாற்பத்தொன்றாம் நாள் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் தலைவராகியிருந்தார்.

பதினோரு பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. அது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கண்டக்டருக்கு மட்டும் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் கழித்து அவர் முதல்முறை உறுப்பினராக வந்தார். உறுப்பினர்கள் பேசியதை எழுதித் தட்டச்சு செய்து, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள் என்று அவரவருக்கு அனுப்புவது வழக்கம். மற்றவர்கள் உதவியாளரை அனுப்புவார்கள். இவர் தானே படியேறி வந்தார்.

"நான் 'மானங்கெட்ட'ன்னு சொன்னேன். இதுல 'வருந்தத்தக்க'ன்னு இருக்கே."

"மரியாதைக்காக மாத்தினோம் ஐயா" என்றார் மேற்பார்வையாளர்.

"நானும் மரியாதைக்காகத்தான் அதைச் சொன்னேன். இல்லன்னா வேற வார்த்த இருந்துச்சு."

அறையே சிரித்தது. திரும்பும்போது அவள் மேசை அருகே நின்று உற்றுப் பார்த்தார். யாருக்கும் கேட்காமல், "எட்டாம் நம்பர் பஸ்தானே? ரெட்டைச் சடை. டிக்கெட்ட மடிச்சு மோதிரம் பண்ணிப் போட்டுக்குவ" என்றார். அவள் சட்டென்று பக்கத்து மேசைகளைப் பார்த்தாள். முகத்தில் பயம் தெரிந்திருக்க வேண்டும். அவர் உடனே குரலை உயர்த்தி, "எழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒருநாள் படிக்கட்டில் கேட்டார். "இப்ப எங்க குடியிருக்க?"

சொன்னாள். தெருவின் பெயரைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. காளவாய்க்காரர்களுக்கு அந்தப் பக்கம் யாரும் வீடு கொடுப்பதில்லை. வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வியே, "எந்தப் பக்கம் உங்களுக்கு?" என்பதுதான். உண்மையைச் சொன்னால், தம்பி வருகிறான், வெள்ளையடிக்க வேண்டும், ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று என்று ஏதாவது வரும். சொல்லாமல் குடிபோன மூன்று வீடுகளையும் அவள் குடும்பம் காலி செய்திருந்தது. ஒருமுறை அப்பா பார்க்க வந்தார். அவருடைய வெந்து வெளுத்த கைகளைப் பார்த்து வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். நான்காவது வீட்டில், கணவனுடைய பட்டறை இருக்கும் தெருவைச் சொந்த இடம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் தையல் இயந்திரம் பழுது பார்க்கிறவன். மகளையும் அந்தத் தெருப் பெயரையே சொல்லப் பழக்கினார்கள். அப்பாவை அதன் பிறகு அவள் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அவர் இறந்தபோது, ஆபீஸ் வேலையாக இரண்டு நாள் வெளியூர் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது, "என்னம்மா முகமெல்லாம் வாடியிருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். "வெயில்மா" என்றாள்.

"அப்பாவக்கூட வீட்டுக்குக் கூப்பிடறதில்ல. வெளிய யாருக்கும் தெரிய வேணாம் ஐயா" என்று அன்று படிக்கட்டில் கண்டக்டரைக் கும்பிட்டாள்.

"தெரியாது" என்றார் அவர். அவ்வளவுதான்.

*

அவர் கொண்டுவந்த மசோதா எளிமையானது. பிறந்த இடத்தையோ வம்சத்தையோ காரணம் காட்டி வாடகை வீடு மறுப்பது குற்றம். தனிநபர் மசோதாவாக மூன்று முறை கொண்டுவந்தார், மூன்று முறையும் தோற்றது. ஏழு வருடத்துக்கு முன்னால் நான்காம் முறை. அன்று அவர் பேச எழுந்தபோது சபாநாயகர் மேடைக்குக் கீழே இருக்கும் சுருக்கெழுத்து மேசையில் அவளுடைய முறை. பத்து நிமிடத்துக்கு ஒருவர் மாற வேண்டும். அவள் உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவை முன்னவர் எழுந்து, இந்தக் காலத்தில் யாருக்கு யார் வீடு மறுக்கிறார்கள், உறுப்பினர் இல்லாத நோய்க்கு மருந்து காய்ச்சுகிறார் என்றார். மேசைகள் தட்டப்பட்டன.

கண்டக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளிய போய்த் தேட வேணாங்க. இதே கூரைக்குக் கீழ வேலை பாக்கற ஒரு பொண்ணு, தான் பொறந்த இடத்த மறச்சுத்தான் வாடக வீட்டுல குடியிருக்கு. பெத்த அப்பன வீட்டுக்குள்ள கூப்பிட முடியாம குடியிருக்கு" என்றார்.

அவள் கை எழுதிக்கொண்டே போனது. இருபத்தொரு வருடப் பழக்கம். காது கேட்டால் கை எழுதும், இடையில் அவள் தேவையில்லை. 'அப்பன்' என்ற ஒலிக்கு ஒரு சின்ன வளைவு, ஒரு புள்ளி.

"யாரது? பேரைச் சொல்லுங்க!" என்று பல குரல்கள் எழுந்தன.

கண்டக்டர் நிறுத்தினார். அவர் பார்வை அவள் பக்கம் வரவேயில்லை. அதை அவள் குனிந்தபடியே உணர்ந்தாள். சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது போலிருந்தது.

"பேரைச் சொல்ல மாட்டேன்" என்றார்.

"இருந்தாத்தானே சொல்றதுக்கு" என்றது ஒரு குரல். சிரிப்பு.

ஆதாரம் தர வேண்டும், இல்லையென்றால் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்றார் சபாநாயகர். ஆதாரமும் தர மாட்டேன், திரும்பவும் பெற மாட்டேன் என்றார் கண்டக்டர். அவைக்கு ஆதாரமற்ற தகவல் அளித்ததாக அவை முன்னவர் தீர்மானம் கொண்டுவந்தார். கூட்டத்தொடர் முடியும்வரை கண்டக்டர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் வெளியேற, அவர் இல்லாமலே மசோதா ஒன்பது ஓட்டில் தோற்றது. அவ்வளவும் அவளுடைய பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. மாற்று ஆள் வந்து தோளைத் தொட்டதும் எழுந்து நடந்தாள்.

தாழ்வாரத்தில் பையை எடுக்க வந்தவரிடம் ஓடினாள். "நான் போய்ச் சொல்லிடறேன் ஐயா."

"உன் பொண்ணுக்குப் பரீட்சை எப்போ?"

"அடுத்த மாசம். பெரிய பரீட்சை."

"அப்ப பேசாம இரு. என்னை வெளிய அனுப்பறது இது நாலாவது தடவ. உன்னை?"

"மூணு."

"எனக்காவது சாயங்காலம் போறதுக்கு வீடு இருக்கு. நீ போய் வேலையப் பாரு. தப்பு எம்மேல. வாய் நீண்டுபோச்சு."

மகள் பரீட்சை எழுதினாள். பிறகு கல்லூரி. பிறகு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒவ்வொன்றும் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அடுத்தது வந்தது. கண்டக்டர் அதன் பிறகு ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. எதிரே பார்த்தால், "பொண்ணு எப்படி இருக்கா?" என்பதோடு சரி. பத்திரிகைகள் அவரை 'கற்பனைப் பெண்' விவகாரத்தில் சிக்கியவர் என்று எழுதின. அடுத்த தேர்தலில் எதிராளிகள் மேடைக்கு மேடை அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள். எப்போதும் பல்லாயிரம் ஓட்டில் ஜெயிக்கிறவர் அந்தமுறை எழுநூறு ஓட்டில் தப்பித்தார்.

கடைசியில் மூன்று வாரம் பெரிய மருத்துவமனையில் கிடந்தார். அவள் மகள் வேலை பார்க்கிற அதே மருத்துவமனை. ஒருநாள் வேலை முடிந்து கேட் வரைக்கும் போனாள். வாசலில் காளவாய்ச் சனம் கும்பலாக உட்கார்ந்திருந்தது. அதில் இரண்டு முகம் அவளுக்குத் தெரிந்த முகம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து அப்படியே திரும்பிவிட்டாள்.

*

இரங்கல் தீர்மானத்தன்று அவை நிறைந்திருந்தது. அவளுடைய முறை வந்தபோது பேசிக்கொண்டிருந்தவர் பழைய அவை முன்னவர். இப்போது எதிர்க்கட்சித் தலைவர். "கண்டக்டர் ஒரு நாளும் மனசாட்சிக்கு விரோதமாகப் பேசியதில்லை" என்றார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நடிப்பாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பென்சில் முனை ஒடிந்தது. இரண்டாவதை எடுத்தாள்.

எல்லோரும் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அடுத்து நிகழ்ச்சி நிரலில் அன்றைக்குப் பட்டியலிட்டிருந்த தனிநபர் மசோதாக்கள். கண்டக்டர் ஐந்தாம் முறையாகக் கொடுத்துவிட்டுப் போன வாடகை வீட்டு மசோதா அதில் இரண்டாவது. "முன்மொழிந்த உறுப்பினர் மறைந்துவிட்டமையால் இது காலாவதியாகிறது" என்று சபாநாயகர் வாசித்தார். வேறு யாராவது எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. அழுதவர்கள் எல்லோரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபாநாயகர் மூன்றாவதற்குப் போனார்.

அந்த வாரக் கடைசியில் மேற்பார்வையாளர் ஒரு கட்டு அச்சுத்தாளை அவள் மேசையில் வைத்தார். "கண்டக்டர் நினைவு மலர். அவர் பேச்சையெல்லாம் அதிகம் எழுதினது நீங்கதான். ஒருதடவ படிச்சுப் பிழை பாத்துக் குடுங்க."

முதல் பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு. பிறப்பு, வேலை, போராட்டம், சிறை, ஐந்து தேர்தல். கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: 'நான்கு முறை இடைநீக்கம் செய்யப்பட்டார். அவற்றுள் ஒன்று, அவைக்கு ஆதாரமற்ற தகவல் அளித்து அதைத் திரும்பப் பெற மறுத்தமைக்காக.'

தாளை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனாள். "சார், இந்த வரிய எடுத்துடலாமே. செத்துப்போனவருக்குப் போடற மலர்ல இது எதுக்கு?"

"எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா பதிவுல இருக்கே. நாம பதிவத்தானே போட முடியும்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். "அந்தப் பொண்ணு யாருன்னு வந்து நின்னா மாத்தலாம். ஏழு வருஷமா ஒருத்தியும் வரலையே. இருந்திருந்தா வந்திருக்க மாட்டாளா?"

அவள் அங்கேயே சொல்லியிருக்கலாம். தாளை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மீதிப் பக்கங்களில் பதினான்கு எழுத்துப்பிழை திருத்தினாள்.

அந்தப் பெண் தான்தான் என்பதையும், அதை எழுதிக் கொடுக்கப்போவதையும் அன்று மாலை வீட்டில் கணவனிடமும் மகளிடமும் சொன்னாள். கணவன் ஒரு தையல் இயந்திரத்தில் பாபின் வைக்கிற ஓடத்தைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"உயிரோட இருந்தவரைக்கும் அவரே உன்னைக் கேக்கல. போன பிறகு யார் கேக்கறா?"

"அதனாலதாங்க."

"வீடு போயிடும்."

"தெரியும்."

"பதினாறு வருஷம். ஒரு சுவருக்கு ஆணி அடிக்கணும்னாலும் கேட்டுக் கேட்டு அடிச்சோம்." அவன் ஓடத்தைத் துணியில் சுற்றினான். "நான் வேணாம்னு சொல்லல. பயமா இருக்குன்னு சொல்றேன்."

"அம்மா, அவரோட ரத்தத்த கடைசி வாரம் நான்தான் பாத்தேன். தினமும் எங்கிட்டதான் வரும்" என்றாள் மகள். "ஒருநாள் வார்டுக்குப் போய் நானே எடுத்தேன். உன் மாதிரியே இருக்கேன்னாரு. இன்னார் பொண்ணான்னு கேட்டாரு. ஆமான்னேன். அம்மா சௌக்கியமான்னாரு. வேற எதுவும் சொல்லல. எப்படித் தெரியும்னு உங்கிட்ட கேக்கணும்னு நெனச்சு மறந்தே போயிட்டேன்."

அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் சத்தத்தில் கீழ்வீட்டுக்குக் கேட்காது. அது பதினாறு வருடப் பழக்கம்.

*

இருபத்தெட்டு வருடம் ஊரார் பேச்சையெல்லாம் எழுதியவளுக்குத் தன் பேச்சை எழுத வரவில்லை. ஆறு தாள் கிழித்தாள். கடைசியில் சபாநாயகருக்கு நான்கு வரி எழுதினாள். 'ஏழு ஆண்டுகளுக்கு முன் உறுப்பினர் குறிப்பிட்ட பெண் நான். சுண்ணாம்புக் காளவாயில் பிறந்தேன், அதை மறைத்தே வாடகை வீட்டில் வசிக்கிறேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டவள் நான்.' கீழே பெயரும் வீட்டு முகவரியும்.

சபாநாயகர் கூப்பிட்டு அனுப்பினார். கடிதம் அவர் முன்னால் கிடந்தது. "நல்லா யோசிச்சீங்களாம்மா? இத அவையில வாசிச்சாகணும். வாசிச்சா பத்திரிகையில வரும்."

"வரட்டும் சார்."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வாசித்த அன்று அவளுக்கு முறை போட வேண்டாம் என்று மேற்பார்வையாளர் நினைத்தார். அவள்தான் கேட்டு வாங்கினாள். சபாநாயகர் வாசித்தார், அவள் எழுதினாள். கடைசியில் அவள் பெயர் வந்தது. அதைச் சுருக்கெழுத்தில் அவள் ஒருநாளும் எழுதியதில்லை. எப்படிக் கோடு போடுவது என்று ஒரு நொடி தெரியவில்லை. பிறகு முழு எழுத்தில் எழுதினாள். எதிர்க்கட்சித் தலைவர் எழுந்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், உட்கார்ந்துவிட்டார். அவை அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்கு அவைக்குறிப்பில் குறியீடு கிடையாது.

பதிவை அழிக்க விதியில்லை. ஆனால் அடிக்குறிப்புச் சேர்க்க அனுமதித்தார்கள். 'உறுப்பினர் அளித்த தகவல் உண்மை எனப் பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது.' மலரிலிருந்து அந்த வரி போயிற்று.

மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மா மாடிப்படி ஏறி வந்தார். மூட்டுவலிக்காரர், பல மாதமாக மாடி ஏறாதவர். கையில் செய்தித்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உன் பொண்ணுக்கு அம்மை போட்டப்ப ராத்திரி பகலா நான் பக்கத்துல இருந்தேன்."

"ஆமாம்மா."

"எனக்கு ஆபரேஷன் ஆனப்ப நீ குளிப்பாட்டிவிட்ட." அவர் செய்தித்தாளைச் சுருட்டினார். "ஏம்மா, சொல்லாமலே இருந்திருக்கலாமே. எனக்குத் தெரியாமலே நான் செத்துப் போயிருப்பேன். இப்ப அக்கா போன் பண்ணிட்டா, அண்ணன் மகன் பண்ணிட்டான். உன்னை வச்சுக்கிட்டா அவங்க யாரும் இந்தப் படி மிதிக்க மாட்டாங்களாம். நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

கேட்டவரும் அழுதார், கேட்கப்பட்டவளும் அழுதாள். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டுகூட அழுதார்கள். ஆனால் ஒரு மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா இறங்கினார். தடுக்கச் சட்டம் இல்லை. அந்தச் சட்டம்தான் நான்கு முறை தோற்று, ஐந்தாம் முறை காலாவதியாகிப்போன சட்டம்.

*

அடிக்குறிப்புப் போட்ட பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு கண்டக்டரின் மனைவியைப் பார்க்கப் போனாள். அப்பா சாவுக்கு வந்த பிறகு இப்போதுதான் காளவாய் நிறுத்தத்தில் இறங்கினாள். பள்ளிக்கூடச் சுவர் மட்டும் அப்படியே இருந்தது. கண்டக்டர் வீடு இரண்டு அறைதான். துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் போட்ட நாற்காலிகள் இன்னும் திருப்பி அனுப்பப்படாமல் வாசலில் அடுக்கியிருந்தன. அவர் மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கட்டிலில் கணவனின் சட்டைகளைப் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே அகலம், ஓரம் கலையாத மடிப்பு.

"நான்தாம்மா அந்தப் பொண்ணு" என்றாள்.

"பேப்பர்ல படம் பாத்தேன். உக்காரு."

நகலை நீட்டினாள். அந்த அம்மா அடிக்குறிப்பை இரண்டு முறை படித்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்ககிட்டயாவது சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்மா."

"நான் கேட்டேன். அன்னைக்கு ராத்திரியே கேட்டேன். நெஜமாவே அப்படி ஒருத்தி இருக்காளா, இல்ல வேகத்துல வாய விட்டுட்டீங்களான்னு. இருக்கான்னாரு. யாருன்னேன். விடுன்னாரு." அவர் ஒரு சட்டையின் கையை நீவிவிட்டார். "முப்பத்தெட்டு வருஷம் எங்கிட்ட எதையும் மறச்ச மனுஷன் இல்ல. அதனாலயே நான் நம்பல. பேருன்னு ஒண்ணு இருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாரு, சொல்லலன்னா பேரே இல்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

அவள் நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"எலக்‌ஷன்ல ஊரே கேலி பண்ணுது. எங்கண்ணன் கேலி பண்றான். ஒருநாள் ஆத்திரத்துல சொல்லிட்டேன். டிக்கெட் கிழிக்கற மாதிரி பொய்யக் கிழிச்சுக் கிழிச்சுக் குடுத்தீங்க, வாங்கிக்கத்தான் ஆளக் காணோம்னு."

"அதுக்கு என்னம்மா சொன்னாரு?"

"சிரிச்சாரு." அந்த அம்மா மடித்த சட்டையை அடுக்கின்மேல் வைத்தார். "சிரிச்சாரு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே நாங்க எடுக்கல. ஏழு வருஷம். ஆஸ்பத்திரில மூணு வாரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எத்தனையோ பேசினோம். நான் நம்பறேங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேன்ல? அத ஒண்ணு சொல்லிட்டு அனுப்பியிருப்பேன்ல? நீ வந்திருந்தா."

"கேட் வரைக்கும் வந்தேன்மா" என்றாள். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"கேட் வரைக்கும்" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. அளந்து பார்க்கிற மாதிரி சொன்னார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். எதற்கென்று கேட்பது? அந்த அம்மா அவளைப் பார்த்தார்.

"உம்மேல தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நானும் இங்க பொறந்தவதான். வீடு கேட்டு அலைஞ்சவதான். ஆனா இன்னைக்கு உன்னைப் பாத்துக்கிட்டு என்னால உக்காந்திருக்க முடியல. நீ இப்ப போ. இன்னொரு நாள் வா."

"என்னைக்கு வரட்டும்மா?"

"தெரியலம்மா."

அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். போய்ட்டு வரேன் என்று சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. நாற்காலிகளைத் தாண்டித் தெருவில் இறங்கியபோது ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. அந்த அம்மா நகலைத் தலையணைமேல் வைத்துவிட்டு, மடித்து அடுக்கியிருந்த சட்டைகளில் மேலே இருந்ததை எடுத்தார். அதைப் பிரித்து உதறினார். பிறகு கட்டிலில் பரப்பி, முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினார்.